நடுப்பக்கம் இல்லாத புத்தகம்

கடந்த பொங்கல் விழாவின்போது நம் கிளப் ஹவுஸில் நடந்த பொழுதுபோக்குக் கண்காட்சி பலருக்கு நினைவிருக்கும். தபால்தலை, பழைய காசு, தீப்பெட்டி லேபிள், போன்சாய் என்று மேஜைக்கு மேஜை கூட்டம். என் மேஜையில் இருந்தவை இரண்டே இரண்டு புத்தகங்கள். தலையணை அளவு, தோல் முதுகு, தூக்கினால் கைக்குழந்தையின் கனம். பெரியவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "சட்டப் புத்தகமா சார்?" என்று கேட்டு நகர்ந்தார்கள். சி பிளாக்கிலிருந்து வந்த ஒரு சிறுவன் மட்டும் நின்று, பக்கம் பக்கமாகப் புரட்டி, ஓரிடத்தில் நிறுத்திக் கேட்டான்: "தாத்தா, இந்த நடுப்பக்கத்தை யார் கிழிச்சது?"

அன்று அவனுக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். முழுப் பதிலை நம் காலாண்டிதழில் எழுதுங்கள் என்று ஆசிரியர் குழு கேட்டுக்கொண்டது. அதுதான் இந்தக் கட்டுரை. கடைசியில் நம் குடியிருப்பு சம்பந்தமான ஒரு வேண்டுகோளும் உண்டு. அதுவரை பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

அந்த இரண்டு புத்தகங்களும் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' என்ற அமெரிக்க வார இதழின் பைண்டு செய்த தொகுப்புகள். ஒன்று 1863ஆம் ஆண்டுக்கானது, மற்றது 1873. மாசசூசெட்ஸில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, பழைய பொருள் விற்கும் ஒரு கிடங்கில் கிடைத்தவை. திரும்பி வரும்போது இரண்டு பெட்டிகளில் ஒன்று முழுக்க இவைதான். அதற்காக விட்டுவிட்டு வந்த சாமான்களின் பட்டியலை என் மனைவி இன்றுவரை மறக்கவில்லை.

படம் போட்ட பத்திரிகை

லண்டனில் 1842இல் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' தொடங்கியபோதுதான், வாராவாரம் செய்தியைப் படத்தோடு தருவது ஒரு தொழிலாக நிலைபெற்றது. அந்தப் பத்திரிகையில் படம் செதுக்கும் வேலை பார்த்தவர் ஹென்றி கார்ட்டர். 1848இல் அவர் அமெரிக்கா போனார். 'ஃபிராங்க் லெஸ்லி' என்று பெயரை மாற்றிக்கொண்டு, 1855 டிசம்பரில் நியூயார்க்கில் சொந்தமாக ஒரு படப் பத்திரிகை தொடங்கினார். அவருக்குப் போட்டியாக 1857இல் வந்ததுதான் ஹார்ப்பர்ஸ் வீக்லி. நடத்தியவர்கள் ஹார்ப்பர் சகோதரர்கள் நால்வரின் பதிப்பகம். 1853இல் தீ விபத்தில் முழுதாக எரிந்து, மீண்டும் இரும்பு உத்தரம் போட்டுக் கட்டி எழுந்த நிறுவனம் அது.

ஒரு இதழுக்குப் 16 பக்கம். நம்மூர் அச்சகத்துக்காரர்கள் சொல்வதுபோல ஒரு ஃபாரம். ஆண்டுக்கு 52 இதழ், 832 பக்கம். பக்கத்தின் உயரம் ஏறத்தாழ 16 அங்குலம், அகலம் 11 அங்குலம். ஆண்டு முடிவில் பைண்டு செய்த தொகுப்பை ஹார்ப்பர் நிறுவனமே விற்றது. வீட்டில் இதழ்களைச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்காகத் தனியாகத் துணி அட்டையும் விற்றது. உள்ளூர் பைண்டரிடம் கொடுத்துத் தைத்து வாங்கிக்கொள்ளலாம். ஆகவே இந்தத் தொகுப்புகள் ஏதோ அபூர்வ ஓலைச்சுவடி அல்ல. ஒரு காலத்தில் ஊர் நூலகத்திலும் வசதியான வீடுகளின் கூடத்திலும் சாதாரணமாக இருந்தவை.

படங்கள் எப்படி அச்சானது என்பதைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும். புகைப்படக்கலை அப்போது வந்துவிட்டது. ஆனால் புகைப்படத்தை எழுத்தோடு சேர்த்து அப்படியே அச்சடிக்க வழியில்லை. எந்தப் படமானாலும், புகைப்படமே ஆனாலும், அதை ஒருவர் மரக்கட்டையின் மேல் வரைய வேண்டும். கோடு விட்டு மற்ற இடத்தை இன்னொருவர் செதுக்கி எடுக்க வேண்டும். அதற்கு உகந்தது பாக்ஸ்வுட் என்ற கெட்டியான மரம். மரத்தைக் குறுக்காக அறுத்து, அந்த முகத்தில்தான் செதுக்குவார்கள். அப்போதுதான் நுணுக்கமான கோடு நிற்கும், ஆயிரக்கணக்கில் அச்சடித்தாலும் மழுங்காது.

பாக்ஸ்வுட் மரம் பருக்காது. கிடைப்பது சில அங்குலத் துண்டுகள்தான். பெரிய படம் வேண்டுமென்றால் பல துண்டுகளைச் சேர்த்துப் பின்புறம் திருகாணி போட்டு முடுக்குவார்கள். படத்தை முழுதாக வரைந்த பிறகு திருகாணியைக் கழற்றி, ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிடுவார்கள். ஒருவர் வானத்தைச் செதுக்க, இன்னொருவர் குதிரையைச் செதுக்க, இரவோடிரவாக வேலை முடியும். காலையில் மறுபடி சேர்த்தால் படம் தயார். ஹார்ப்பர்ஸ் படங்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். படத்தின் குறுக்கே நூலிழை போல வெள்ளைக் கோடுகள் சில இடங்களில் தெரியும். அவை துண்டுகள் சேர்ந்த இடம். முகம் தெரியாத பல பேருடைய ராத்திரி உழைப்பின் தையல் அது.

இன்னொரு நுணுக்கம். 16 பக்கத்தையும் ஒரே பெரிய தாளில் அச்சடித்து மடிப்பார்கள். தாளின் ஒரு புறத்தில் 1, 4, 5, 8, 9, 12, 13, 16 ஆகிய பக்கங்கள் அமையும். பெரும்பாலான படங்களை அந்தப் புறத்திலேயே வைத்தார்கள். மறுபுறம் எழுத்து மட்டும். நடுவில் 8, 9 சேர்ந்து வருவதால் அங்கே இரண்டு பக்கத்துக்கு விரியும் பெரிய படம் போட முடிந்தது. அந்தச் சிறுவன் விரல் வைத்த இடம் அதுதான்.

படத்துக்கு இருந்த பலம்

வெறும் அலங்காரத்துக்காகப் படம் போடவில்லை. ஃபிராங்க் லெஸ்லி 1858இல் பால் விவகாரத்தைக் கையிலெடுத்தார். நியூயார்க்கிலும் புரூக்ளினிலும் சாராய ஆலைகளை ஒட்டி மாட்டுக்கொட்டில்கள் இருந்தன. ஆலைக் கழிவைத் தின்று நோயில் விழுந்த மாடுகளின் பால், நல்ல பால் என்று வீடுவீடாக விற்கப்பட்டது. குழந்தைகள் செத்தார்கள். லெஸ்லி தன் ஓவியர்களைக் கொட்டிலுக்கே அனுப்பி, எழுந்து நிற்க முடியாத மாட்டைக் கயிற்றில் தூக்கிப் பால் கறப்பதைப் படமாகப் போட்டார். நகரசபை உறுப்பினர் சிலர் கொட்டில்காரர்களுக்குப் பரிந்து பேசினார்கள். அவர்களையும் கார்ட்டூனாக்கினார். 1862இல் அத்தகைய பாலுக்கு எதிராக நியூயார்க் மாநிலத்தில் சட்டம் வந்தது. காலையில் கதவுக் கைப்பிடியில் தொங்கும் பால் பாக்கெட்டை எடுக்கும்போது எனக்குச் சில நாள் இது நினைவுக்கு வரும்.

ஹார்ப்பர்ஸ் வீக்லியின் பெரிய சண்டை 1871இல் நடந்தது. நியூயார்க் நகர நிர்வாகத்தைக் கைக்குள் வைத்திருந்தவர் வில்லியம் ட்வீட். நீதிமன்றக் கட்டடம் ஒன்றுக்கு முதலில் ஒதுக்கிய தொகை 2,50,000 டாலர். கடைசியில் செலவு ஒரு கோடி டாலரைத் தாண்டியதாக மதிப்பிடுகிறார்கள். பூச்சு வேலைக்கும் தச்சு வேலைக்கும் போட்ட பில்களில் பெரும் பங்கு ட்வீட்டின் ஆட்களுக்கே திரும்பிப் போனது. (நம் ஆண்டுப் பொதுக்குழுவில் பெயின்ட் கணக்கை மூன்று மணி நேரம் கேள்வி கேட்கிறோமே, அது வீண் வேலையில்லை.) கணக்கு விவரத்தை 'நியூயார்க் டைம்ஸ்' வெளியிட்டது. அதைப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிய வைத்தவர் ஹார்ப்பர்ஸின் கார்ட்டூனிஸ்ட் தாமஸ் நாஸ்ட், ஜெர்மனியில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா வந்தவர். பணப்பையைத் தலையாகவும் பிணந்தின்னிக் கழுகாகவும் ட்வீட்டை அவர் வரைந்தார். நகரப் பள்ளிகளில் ஹார்ப்பர் நிறுவனத்தின் பாடப்புத்தகங்களை நிறுத்தி ட்வீட் கோஷ்டி பழிவாங்கப் பார்த்தது. ஃபிளெட்சர் ஹார்ப்பர் பின்வாங்கவில்லை.

ட்வீட் சிறைக்குப் போனார். 1875 டிசம்பரில் தப்பி, கியூபா வழியாக ஸ்பெயின் போனார். அங்கே அவரை அதிகாரிகள் அடையாளம் கண்டது நாஸ்ட்டின் கார்ட்டூனை வைத்து. அந்தப் படத்தில் ட்வீட் கைதி உடையில் இரண்டு சிறுவர்களைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவரைக் குழந்தை கடத்தும் ஆள் என்று அவர்கள் நினைத்ததாகச் சொல்வார்கள். குற்றம் எது என்பது தவறிப்போனாலும் முகம் தவறவில்லை.

இன்று உலகம் முழுக்கத் தெரிந்த சில அடையாளங்கள் நாஸ்ட்டின் கைவழி வந்தவை. குடியரசுக் கட்சியின் யானை 1874 நவம்பர் 7 இதழில் வந்தது. கொழுத்த தாடிக்கார கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு உருவம் கொடுத்ததில் 1863 ஜனவரி 3 இதழின் முகப்புப் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

எல்லாம் மெச்சத்தக்கவை என்று சொல்ல மாட்டேன். ஐரிஷ் மக்களை நாஸ்ட் குரங்கு முகத்தோடு வரைந்திருக்கிறார். 1871 செப்டம்பர் 30 இதழில் 'அமெரிக்காவின் கங்கை நதி' என்று ஒரு படம். கத்தோலிக்க பிஷப்புகள் முதலைகளாகக் கரையேறிப் பள்ளிக் குழந்தைகளை விழுங்க வருகிறார்கள். கங்கையில் தாய்மார்கள் பிள்ளைகளை முதலைக்கு எறிவார்கள் என்று அப்போது மேற்கில் உலவிய கதை அதன் பின்னணி. ஒரே படத்தில் இரண்டு சமூகத்தாரின் மேல் சேறு. ட்வீட்டை வீழ்த்திய அதே கையும் அதே மாதங்களும்தான். தொகுப்பாக வைத்துப் படிக்கும்போது இரண்டையும் சேர்த்தே பார்க்க நேர்கிறது. தனிப்படமாக வாங்கினால் நமக்குப் பிடித்ததை மட்டும் வாங்கிக்கொள்வோம்.

ஜூலை 4, 1863

என்னிடமுள்ள 1863 தொகுப்பில் 429ஆம் பக்கத்தைக் கண்காட்சியில் நான் திறந்து வைக்கவில்லை. குழந்தைகள் இருந்தார்கள். ஜூலை 4 தேதியிட்ட இதழின் 13ஆம் பக்கம் அது. லூசியானாவில் தோட்ட முதலாளியிடமிருந்து தப்பி, பேட்டன் ரூஜில் வடக்குப் படையின் முகாமை அடைந்த கோர்டன் என்ற அடிமையைப் பற்றிய மூன்று படங்கள் அதில் உள்ளன. நடுப்படத்தில் அவருடைய முதுகு. சாட்டையடித் தழும்புகள் வேர்போலப் பின்னிக் கிடக்கின்றன. ஓரத்தில் உள்ள ஒரு படத்தில் அவர் ராணுவச் சீருடையில் நிற்கிறார். மூன்றிலும் இருப்பவர் ஒரே ஆள்தானா என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த முதுகும் தழும்பும் உண்மை. முகாமில் எடுத்த புகைப்படம் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் கட்டையில் செதுக்கினார்கள். போருக்கு முன் தெற்கு வாசகர்களின் மனம் கோணக்கூடாது என்று அடிமை முறையைப் பற்றி அடக்கியே வாசித்த பத்திரிகை இது. அமெரிக்காவின் சுதந்திர தினத் தேதியிட்ட இதழில் இதைப் போட்டது.

இப்போது தேதியைக் கவனியுங்கள். ஜூலை 1 முதல் 3 வரை கெட்டிஸ்பர்க் சண்டை. ஜூலை 4 அன்று விக்ஸ்பர்க் கோட்டை சரணடைந்தது. போரின் போக்கையே மாற்றிய இரண்டு செய்திகள். இதழில் அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, இருக்கவும் முடியாது. நம் வார இதழ்களைப் போலவே அதுவும் அட்டைத் தேதிக்கு முன்பே அச்சாகிவிடும். கெட்டிஸ்பர்க்கில் ஹார்ப்பர்ஸின் ஓவியர் ஆல்ஃபிரட் வாட் நேரில் இருந்தார். அவர் பென்சிலில் வரைந்தது நியூயார்க் வந்து, கட்டையேறி, அச்சாகி வரும் வரை வாசகர் காத்திருக்க வேண்டும். தொகுப்பில் நான் அடுத்த சில பக்கங்களைப் புரட்டினால் போதும். முதுகில் தழும்போடு ஒரு மனிதர், அடுத்து என்ன ஆகும் என்று தெரியாத ஒரு நாடு, பிறகு வரும் வாரங்கள். இந்த வரிசைதான் தொகுப்பின் மதிப்பு.

யார் கிழித்தது?

1873 தொகுப்புக்கு வருகிறேன். இதில் செப்டம்பர் 20 இதழின் நடுத்தாள் இல்லை. அங்கே இருந்தது வின்ஸ்லோ ஹோமர் வரைந்த 'ஸ்னாப் த விப்'. வெறுங்காலோடு பள்ளிச் சிறுவர்கள் கைகோத்து ஓடுகிறார்கள். முன்னால் ஓடுபவன் சட்டென்று நின்றால் வரிசையின் கடைசியில் இருப்பவன் சாட்டை நுனிபோல வீசி எறியப்படுவான். அதுதான் விளையாட்டு. ஹோமர் பிற்காலத்தில் அமெரிக்காவின் தலைசிறந்த ஓவியர்களில் ஒருவராக மதிக்கப்பட்டார். இளமையில் பிழைப்புக்காக ஹார்ப்பர்ஸுக்குப் படம் போட்டவர். அவர் பெயர் ஏற ஏற, பழைய தொகுப்புகளுக்கு ஆபத்து வந்தது. முழுத் தொகுப்பை ஒரு விலைக்கு வாங்கி, ஹோமர், நாஸ்ட் படங்களை மட்டும் வெட்டி, சட்டம் போட்டுத் தனித்தனியாக விற்றால் பல மடங்கு கிடைக்கும் என்று வியாபாரிகள் கண்டுகொண்டார்கள். மிச்சத்தை வாங்க ஆளில்லை.

சிறுவனின் கேள்விக்குப் பதில் இதுதான். கிழித்தது போக்கிரி அல்ல. படத்தை நேசித்த யாரோ, அல்லது படத்தை நேசிப்பவருக்கு விற்ற யாரோ. என் தொகுப்பில் கூர்மையான கத்தியால் தையலோரமாக நேர்த்தியாக வெட்டியிருக்கிறார்கள். அந்தத் தாளைத் திருப்பினால் இதழின் 7ஆம், 10ஆம் பக்கங்கள். 6க்குப் பிறகு என் தொகுப்பில் 11 வருகிறது. இந்தப் பத்திரிகையில்தான் 1859இல் டிக்கன்ஸின் 'எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்' தொடராக வந்தது. ஒவ்வொரு படம் வெட்டப்படும்போதும் பின்புறத்திலிருந்து யாருடைய கதையோ, எந்த ஊர்ச் செய்தியோ கூடவே போகிறது.

போனது அது மட்டுமல்ல. 1873 செப்டம்பர் 18 அன்று ஜே குக் என்ற பெரிய வங்கி நிறுவனம் நியூயார்க்கில் கதவடைத்தது. பீதி பரவி, 20ஆம் தேதி பங்குச்சந்தையையே மூடினார்கள். பத்து நாள் திறக்கவில்லை. தொடர்ந்த மந்தம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அந்த 20ஆம் தேதிதான் இந்த இதழின் தேதி. வரவேற்பறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டிய 'ஸ்னாப் த விப்' இனிமையான குழந்தைப் பருவத்தைக் காட்டும். தொகுப்பில் அது இருந்தால், விளையாடும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டி அடுத்த வாரங்களின் வங்கிச் செய்திகளுக்குள் போவோம். வரிசையின் கடைசிப் பையன் எறியப்படுவது அப்போது வேறு மாதிரி தெரியும். ஹோமர் அதை நினைத்து வரையவில்லை. காலம் அப்படிப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது.

வெட்டியவர்கள் மட்டும் காரணமல்ல, நூலகங்களும் கைவிட்டன. மைக்ரோஃபிலிம் வந்ததும், இனித் தாள் எதற்கு என்று பல அமெரிக்க நூலகங்கள் பத்திரிகைத் தொகுப்புகளைக் கழித்துக் கட்டின. தாள் எப்படியும் பொடிந்துவிடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். எழுத்தாளர் நிக்கல்சன் பேக்கர் இதை எதிர்த்து 2001இல் 'டபுள் ஃபோல்ட்' என்ற நூலை எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. பிரிட்டிஷ் லைப்ரரி 1999இல் கழித்த அமெரிக்கச் செய்தித்தாள் தொகுப்புகளைத் தன் சேமிப்பைப் போட்டு வாங்கி, ஒரு கிடங்கில் பாதுகாத்தார். பின்னர் 2004இல் அவை டியூக் பல்கலைக்கழகத்துக்குப் போயின.

தாள் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பழையது முதலில் பொடியும் என்று நினைப்போம். 1863 தாள் இன்னும் வளைந்து கொடுக்கிறது. கந்தல் துணியை ஊறவைத்து அரைத்துச் செய்த தாள் அது. 1860களின் கடைசியிலிருந்துதான் மரக்கூழ் காகிதம் அமெரிக்காவில் பரவியது. மலிவு, ஆனால் அமிலம் அதிகம். அதனால் 1890களின் பத்திரிகைத் தாள் பல நேரம் அப்பளம்போல நொறுங்கும். மரம் செதுக்குபவர்களின் காலமும் அப்போதே முடிந்தது. புகைப்படத்தைப் புள்ளிகளாக்கி அச்சடிக்கும் ஹாஃப்டோன் பிளாக் வந்துவிட்டது.

வாங்க நினைப்பவர்களுக்கு

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் நம்மிடம் நிறைய. ஆசைப்படுபவர்களுக்குச் சில குறிப்புகள்:

1. முதலில் பக்கத்தை எண்ணுங்கள். குறிப்பாக ஒவ்வொரு இதழின் நடுத்தாளும் இருக்கிறதா என்று பாருங்கள். நான் மேலே சொன்ன தேதிகளை முதலில் திறந்து பாருங்கள்.

2. வண்ணப்படம் என்றால் உஷார். இவை கறுப்பு வெள்ளையில் அச்சானவை. தனியாக விற்கும் படங்களில் காணும் வண்ணம் பெரும்பாலும் பிற்காலத்தில் கையால் பூசியது.

3. உள்நாட்டுப் போரின் நூற்றாண்டையொட்டி 1960களில் போர்க்கால இதழ்கள் மறுபதிப்பு செய்யப்பட்டன. படிக்க நல்லவை. ஆனால் மூலத்தின் விலை கொடுக்காதீர்கள்.

4. குறையுள்ள தொகுப்பை ஒதுக்காதீர்கள். என் 1873 தொகுப்பு மலிவாகக் கிடைத்ததே நடுத்தாள் இல்லாததால்தான். மிச்சம் எண்ணூறு பக்கத்துக்கு மேல் இருக்கிறது.

5. வீட்டில் படுக்கை வசமாக வையுங்கள். நிறுத்தி வைத்தால் கனத்தில் தையல் பிய்யும். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். நம் ஊர் ஈரத்துக்கும் ராமபாணப் பூச்சிக்கும் ஒரே மருந்து, மாதம் ஒருமுறை எடுத்துப் புரட்டுவது.

6. படிப்பது மட்டுமே நோக்கமென்றால் பணமே வேண்டாம். இந்தக் காலத்து அமெரிக்க இதழ்கள் பலவற்றை ஹாத்தி டிரஸ்ட், இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற இணைய நூலகங்களில் இலவசமாகப் புரட்டலாம். ஆனால் அவற்றை ஸ்கேன் செய்யவும் யாரோ ஒருவர் ஒரு முழுத் தொகுப்பை வெட்டாமல் வைத்திருக்க வேண்டியிருந்தது.

நம் அலமாரி

இப்போது அந்த வேண்டுகோள். கிளப் ஹவுஸ் வாசகசாலையின் கீழ்த்தட்டில் முப்பத்துச் சொச்சம் பைண்டு தொகுப்புகள் இருக்கின்றன. நம்மோடு வாழ்ந்து மறைந்த ஒரு அம்மாவின் குடும்பத்தார் கொடுத்துவிட்டுப் போன பழைய தமிழ் வார இதழ்கள். கூரியர் பார்சல் வைக்க இடம் போதவில்லை என்பதால், அவற்றைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடலாம் என்று ஒரு யோசனை அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வருகிறது. பார்சல் பிரச்சினை உண்மையானது. நானும் தினம் தடுக்கி விழுபவன்தான்.

ஆனால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நம் வீடுகளிலும் பைண்டு செய்யும் வழக்கம் இருந்தது. 'கல்கி'யில் 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' வந்தபோது, வாராவாரம் அந்தப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்துத் தைத்து வைத்த குடும்பங்கள் ஏராளம். என் அம்மாவும் அப்படித்தான் செய்தார். அமெரிக்காவில் படத்தை எடுத்துக்கொண்டு எழுத்தை எறிந்தார்கள். நாம் கதையை எடுத்துக்கொண்டு மற்றதை எறிந்தோம். சோப்பு விளம்பரம், வாசகர் கடிதம், துணுக்கு, கார்ட்டூன் எல்லாம் போயிற்று. நாவல் இன்று எந்தக் கடையிலும் கிடைக்கிறது. கிடைக்காமல் போனது அந்த 'மற்றது'தான்.

கோட்டையூரில் சைன்போர்டு எழுதும் தொழில் செய்த ரோஜா முத்தையா அந்த 'மற்றதை'யும் சேர்த்தார். நூல், இதழ், துண்டுப்பிரசுரம் என்று ஏறத்தாழ ஒரு லட்சம். 1992இல் அவர் மறைந்த பின், 1994இல் அதை விலைக்கு வாங்கியது அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம். வாங்கியும் ஊருக்குக் கொண்டுபோகவில்லை. மூலங்களைச் சென்னையிலேயே விட்டு, மைக்ரோஃபிலிம் எடுக்க வழி செய்தது. அப்படி உருவானதுதான் இன்றைய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்.

நம் கீழ்த்தட்டுத் தொகுப்புகளை நான் கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன். அந்த அம்மா கதையை மட்டும் பிரிக்கவில்லை. அட்டை முதல் அட்டை வரை முழு இதழாகவே தைத்திருக்கிறார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவகாசம் கேட்கிறேன். என்னென்ன ஆண்டு, எந்தெந்த இதழ் என்று பட்டியல் எடுத்து, ஆராய்ச்சி நூலகம் ஏதாவது வாங்கிக்கொள்ளுமா என்று கேட்போம். அவர்களிடம் ஏற்கெனவே இருந்தால், நம்மில் விரும்பும் வீடுகள் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளலாம். அதன் பிறகும் மிஞ்சினால் பேப்பர்காரருக்கு நானே போன் செய்கிறேன்.

பட்டியல் எழுத இரண்டு பேர் துணைக்கு வேண்டும். தூசி ஒத்துக்கொள்ளாதவர்கள் மாஸ்க் போட்டுக்கொண்டு வரலாம். காலை பத்து மணி, காபி என் பொறுப்பு. சி பிளாக் தம்பி, நீ அவசியம் வா. நடுப்பக்கம் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை உனக்குத்தான்.